ரோஜாத் தண்டு நுனியிலிருந்து கறுக்கிறதா? முதலில் கத்தரிக்கோல், பிறகு மருந்து

கேள்வி: மாடியில் தொட்டிகளில் ஒட்டு ரோஜா வளர்க்கிறோம். ஐப்பசியில் கவாத்து செய்தோம். அதிலிருந்து, வெட்டிய இடத்தில் தொடங்கித் தண்டு கறுத்துக் கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டு செடிகள் முழுதாகக் காய்ந்துவிட்டன. பூஞ்சாணக்கொல்லி இரண்டு முறை தெளித்தும் நிற்கவில்லை. மிச்சமுள்ள செடிகளைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. இது ரோஜாவில் அடிக்கடி வரும் நுனிக்கருகல் நோய்; பின்கருகல் என்றும் சொல்வார்கள். டிப்ளோடியா ரோசாரம் என்ற பூஞ்சாணம் இதற்கு முக்கியக் காரணம். அது இலையில் உட்காராது, வெட்டுக்காயம் வழியாகத் தண்டுக்குள் போய்விடும். நீங்கள் தெளித்த மருந்து பலிக்காததற்குக் காரணமும் இதுதான். மேலே படியும் மருந்து உள்ளே எட்டாது. உள்ளே ஊடுருவும் மருந்தும் உயிருள்ள திசுவில் நீரோடுதான் ஏறும்; செத்த கட்டை நீரை உறிஞ்சாது. கருகிய தண்டை விட்டுவைத்து எத்தனை முறை தெளித்தாலும் வீண்தான்.

வெட்டுவதற்கு முன் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். கறுப்பும் பச்சையும் சேரும் இடத்தில் பட்டையை நகத்தால் சுரண்டினால், மேலே பழுப்பும் கீழே ஈரப் பச்சையும் தெரியும். கொஞ்சம் பழைய கட்டையில் குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை பூஞ்சாணத்தின் வித்துப் பைகள். மழைத்துளி தெறிக்கும்போது வித்துகள் பக்கத்துச் செடிக்குப் போகின்றன. மண் ஈரமாக இருந்தும் செடி முழுதும் ஒரே சமயத்தில் வாடினால் அது வேரழுகல், தொட்டியின் வடிகாலைப் பாருங்கள். வெட்டு முனையின் நடுவில் வட்டமாக ஓட்டை இருந்தால், தண்டின் நடுவிலுள்ள மென்மையான நெட்டியைக் குடைந்து கூடு கட்டும் சிறு தேனீ அல்லது குளவியின் வேலை. ஓட்டை முடியும் இடத்துக்குக் கீழே வெட்டினால் போதும். தண்டில் பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. அது சாற்றை உறிஞ்சிச் செடியை நோஞ்சானாக்கி, கருகலுக்கு வழிவிடும். பழைய பல் துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள்.

இனி வெட்டு. கறுப்பு முடியும் கோட்டிலேயே வெட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது. வெளியே தெரியும் கோட்டைவிட உள்ளே நோய் முன்னால் போயிருக்கும். எனவே கோட்டுக்கு 5 முதல் 7 செ.மீ. கீழே வெட்டி, வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவிலுள்ள நெட்டி வெண்மையாக இருந்தால் சரி. பழுப்புப் பொட்டு தெரிந்தால் இன்னும் ஒரு கணு கீழே போங்கள். தண்டு போகிறதே என்று மனம் இரங்கினால் செடி போய்விடும். வெளிப்பக்கம் நோக்கிய துளிர் மொட்டுக்கு அரை செ.மீ. மேலே, மொட்டின் எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்டுங்கள். மொட்டுக்கு மேல் நீளமாகக் குச்சியை விட்டால் அதற்குச் சாறு போகாமல் காயும், பூஞ்சாணம் முதலில் பிடிப்பது அதைத்தான். முனை மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். அதுவும் அதே கேடுதான். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். வெட்டிய குச்சிகளை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள்.

வெட்டிய அன்றே காயத்தில் போர்டோ பசை தடவ வேண்டும். 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 மி.லி. தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 மி.லி. தண்ணீரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு ஒன்றாகக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான். இரும்பு, அலுமினியம் ஆகாது. சுண்ணாம்பு நீர்க்கும்போது கொதிக்கும், கையுறையும் கண்ணாடியும் அவசியம். பசையில் பளபளப்பான இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்புநிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள், இல்லாவிட்டால் பட்டை வெந்துவிடும். கலந்த பசை அன்றைக்கு மட்டும்தான் உதவும். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால், காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்புப் பூஞ்சாணக்கொல்லித் தூளைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பூசலாம். நாலைந்து தொட்டிக்கு அதுவே எளிது. பச்சைச் சாணம் அப்புவது பலருக்குப் பழக்கம். மழைக்காலத்தில் அது காயத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தவிர்ப்பதே நல்லது.

தெளிப்பு அதற்குப் பிறகுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து, தண்டு முழுதும் நனையும்படி மாலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து, லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற ஊடுருவும் பூஞ்சாணக்கொல்லியைத் தெளியுங்கள். அளவைக் கூட்டினால் செம்பு மருந்து இளந்துளிரைக் கருக்கும்.

ஐப்பசியில் வெட்டியதே வினையா என்றால், பாதி உண்மை. சமவெளியில் ரோஜாக் கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏற்ற காலம்; ஆனால் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். நாள் முழுக்கத் தூறும் வாரத்தில் வெட்டினால் காயம் ஆறுவதற்குள் வித்து இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் வெயில் அடிக்கும் என்று தெரிந்தால் மட்டும் வெட்டுங்கள். கடலோர ஊர்களில் மார்கழி வரை தள்ளிப்போட்டாலும் நட்டமில்லை. பூவைக் கையால் ஒடித்துப் பறிப்பதும் ஆண்டு முழுதும் காயம் உண்டாக்கும் வேலை. ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலே கத்தரித்து எடுங்கள். வெட்டியவுடன் யூரியா போட வேண்டாம். துளிர் விரலளவு வந்தபின் மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் பொட்டாஷும் கொடுக்கலாம்.

காய்ந்துபோன இரண்டு செடிகளில் ஒட்டுக் கட்டிய முடிச்சைச் சுரண்டிப் பாருங்கள். முடிச்சுக்கு மேலே பச்சை இருந்தால் அந்தக் கணுவரை வெட்டிக் காத்திருக்கலாம். முடிச்சும் கறுத்திருந்தால், கீழிருந்து எவ்வளவு செழிப்பாகத் துளிர் வந்தாலும் அது ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் வேர்ச்செடியின் துளிர்தான், நீங்கள் வாங்கிய பூ அதில் வராது. பிடுங்கிவிடுங்கள். மண்ணில் கிடக்கும் குச்சி, சருகுகளைப் பொறுக்கிவிட்டு, மழை ஓய்ந்தபின் நன்றாக வெயிலில் காயவைத்துப் புதுத் தொழுவுரம் கலந்தால் அதே மண்ணை மறுபடி பயன்படுத்தலாம்.