அழவைத்த நாவல் அற்பமானதா?

கேள்வி: என் 16 வயது மகள் இளையோர் நாவல்களையும் மனதுக்கு இதமூட்டும் 'ஃபீல்குட்' நாவல்களையும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க அவளுடைய அலமாரியிலிருந்து இரண்டை எடுத்தேன். ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' என்னை அழவைத்துவிட்டது. புத்தகக் கடையும் பூனையுமாக இதமாகவே நகர்ந்த இன்னொன்றை முடிக்க முடியவில்லை. இலக்கியம் படித்த தோழி ஒருத்தி, "இந்த வயதில் இதற்கெல்லாம் அழுவதா?" என்று கேட்டபோது கூசிப்போனேன். இவை இலக்கியம்தானா? மகளை நல்ல புத்தகங்களின் பக்கம் திருப்புவது எப்படி?
– ஒரு வாசகி

பதில்: தோழியின் கேள்வியை முதலில் தள்ளிவையுங்கள். இதையே 2014ஆம் ஆண்டு 'ஸ்லேட்' என்ற அமெரிக்க இணைய இதழில் ரூத் கிரஹாம் ஒரு கட்டுரையாக எழுதினார். சிறுவர்களுக்கென்று எழுதப்பட்டதைப் படிக்கும் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டும் என்பது அவர் கட்சி. இவ்வகை நாவல்கள் வாசகரைத் திருப்திப்படுத்தும் முடிவுகளையே தேடிப் போகின்றன என்றும் அவர் சொன்னார். அது பெரும்பாலும் உண்மை. ஆனால் படித்தவரை வெட்கப்படச் சொல்வது விமர்சனமே ஆகாது. புத்தகத்தைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

உங்களை அழவைத்த நாவலுக்கு வருகிறேன். அதில் இளைஞர்கள் பேசும் பேச்சு எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கதாநாயகியின் காதலனான 17 வயதுப் பையன் வாயைத் திறந்தால் பொன்மொழி உதிர்கிறது. காதல் காட்சிகள் பலவற்றில் எனக்கு ஆசிரியரின் குரல்தான் கேட்டது. ஆனால் அதே நாவலில் ஹேஸலுக்கும் அவள் தாய்க்கும் இடையே ஓர் இழை ஓடுகிறது. தைராய்டு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய 16 வயதுப் பெண் ஹேஸல். ஒருமுறை அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, இனி நான் யாருக்கும் அம்மா இல்லையே என்று தாய் விம்முவது காதில் விழுந்துவிடுகிறது. அன்றிலிருந்து தன் சாவைவிட, தனக்குப் பின் அம்மா என்ன ஆவாள் என்பதே அவளை அரிக்கிறது. அம்மாவோ சமூகப் பணிப் படிப்பு ஒன்றில் சேர்ந்து, அதை மகளிடமிருந்து மறைத்துவைத்திருக்கிறாள். தான் இல்லாத நாட்களுக்கு அம்மா இப்போதே தயாராகிறாள் என்று மகள் நினைத்துவிடுவாளோ என்ற பயம். உண்மை தெரிந்ததும் ஹேஸல் பூரித்துப்போகிறாள், அம்மாவுக்கு இனி ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று. தாயும் மகளும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காகவே மௌனம் காத்ததை இவ்வளவு நுட்பமாக எழுதியவரை எப்படி அற்பம் என்று ஒதுக்குவது? நீங்களும் 16 வயதுப் பெண்ணின் தாய். அழுதது இந்த இடத்தில் என்றால், நாவல் உங்களை ஏமாற்றவில்லை.

இளையோர் நாவல் படிக்கும் பெரியவர்களுக்கு 'ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று எரிச்சல் வருவதுண்டு. இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதும் நாவலில், எல்லாம் கடந்துபோனது என்ற நிதானம் இருக்கும். இளையோர் நாவலில் கதை சொல்பவருக்கு அந்த நிதானம் வாய்க்கவில்லை, வாய்க்கவும் கூடாது. முதல் துரோகமும் முதல் சாவும் எவ்வளவு பெரியவை என்று அளந்து பார்க்க அவரிடம் வேறு அனுபவம் இல்லை. எஸ்.இ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. அது வெளியான 1967இல் 18. பெற்றோரை விபத்தில் இழந்து அண்ணன்மாரோடு வாழும் 14 வயதுச் சிறுவன் சொல்லும் கதை அது. ஏழைப் பையன்களுக்கும் பணக்காரப் பையன்களுக்கும் நடக்கும் அடிதடி கொலையில் போய் முடிகிறது. தன் பள்ளியில் கண்ட வாழ்க்கை தன் வயதினருக்கான புத்தகங்களில் இல்லையே என்ற கோபம் ஹின்டன் என்ற அந்தப் பெண்ணுக்கு இருந்தது. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்கள் என்று பதிப்பகத்தார் அவர் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கச் சொன்னது தனிக் கொடுமை.

பாதியில் வைத்த புத்தகத்துக்காக வருந்தாதீர்கள். ஃபீல்குட் நாவல்களின் இனிமையை நான் பொறுத்துக்கொள்வேன், அவற்றின் அவசரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒருத்தி வருகிறாள். ஒரு கோப்பை தேநீர், ஒரு முதியவரின் நாலு வார்த்தை, அவ்வளவுதான். பல வருடத் துயரம் அத்தியாயம் முடிவதற்குள் கரைந்துவிடுகிறது. துயரப்பட்டவர்களுக்குத் தெரியும், அது அப்படிக் கரையாது என்று. கரையும் என்று எழுதுவது அவர்களை அவமதிப்பது.

இந்த வகையிலேயே நேர்மையான நாவல்களும் இருக்கின்றன. தோஷிகாசு கவாகுச்சி தன் நாடகத்தையே நாவலாக்கி 2015இல் ஜப்பானில் வெளியிட்ட 'பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்' அப்படிப்பட்டது. ஒரு காபிக் கடையில் குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம். காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது. நடை தட்டைதான், விதிகளைத் திரும்பத் திரும்ப விளக்கிச் சலிப்பூட்டுகிறது. ஆனால் அந்தக் கடைசி விதியை ஆசிரியர் எதற்காகவும் தளர்த்துவதில்லை. போனவர்கள் போனவர்கள்தான்.

சுவீடனின் ஃபிரெட்ரிக் பேக்மன் 2012இல் எழுதிய 'எ மேன் கால்டு ஊவ' இன்னும் ஒரு படி மேல். மனைவியை இழந்து, வேலையும் போய், சாக முடிவெடுத்துவிட்ட 59 வயதுக்காரரின் கதவை அக்கம்பக்கத்தார் ஏதாவது கேட்டுத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வாழ்க்கை அழகானது என்று யாரும் அவருக்குப் பாடம் எடுப்பதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடு என்கிறார்கள். மனைவி இல்லாத வெறுமை கடைசிப் பக்கம்வரை தீர்வதில்லை. அதைத் தீர்க்காமலேயே பேக்மன் நம்மைச் சிரிக்க வைக்கிறார்.

ஆகவே 'இவை இலக்கியமா?' என்று மொத்தமாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு புத்தகமாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

மகளைத் திருப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நல்லது என்று சொல்லி நீங்கள் நீட்டும் புத்தகம், நீ படிப்பது மட்டம் என்று அவள் காதில் விழும். பூனைக் கதையை ஏன் முடிக்கவில்லை என்று அவளிடமே சொல்லுங்கள். அது அவளுக்கு ஏன் பிடித்தது என்றும் கேளுங்கள். கெட்டது எதுவும் நடக்காத ஓர் உலகம் அவளுக்கு அப்போது தேவைப்பட்டிருக்கலாம். அந்தத் தேவை எந்தப் பருவத்தில் எதனால் வந்தது என்பது ஒரு தாய் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பிறகு ஹின்டனின் நாவலை வாங்கி இருவரும் ஒரே வாரத்தில் படியுங்கள். அவளுக்கு அது பிடிக்காமல் போனால், காரணத்தை அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.