சுவீடனில் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் வரலாற்றையும் பார்க்க வேண்டிய இடங்களையும் சொல்ல முடியுமா?

ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க் வேண்டாம், ஒரே நாளில் நடந்து பார்க்கக்கூடிய ஊராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே தேவையில்லை. என் பதில் கிரென்னா.

யோன்ஷோப்பிங் நகரில் நான் வேலை பார்த்த ஆறு வருடங்களில் கிரென்னாவுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. யோன்ஷோப்பிங்கிலிருந்து வடக்கே சுமார் 40 கி.மீ. நெடுஞ்சாலை மலை விளிம்பை ஒட்டியே போகும். இடது பக்கம் முழுக்க வெட்டர்ன் ஏரி. சுவீடனின் இரண்டாவது பெரிய ஏரி அது. நீளம் ஏறத்தாழ 135 கி.மீ., அகலம் அதிகபட்சம் 30 கி.மீ. சொச்சம். ஆழமும் குளிரும் தெளிவும் சேர்ந்த தண்ணீர். சுற்றியுள்ள பல நகராட்சிகள் இதிலிருந்துதான் குடிநீர் எடுக்கின்றன. மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் இருக்கிறதே, அதில்தான் மூவாயிரம் பேர்கூட இல்லாத கிரென்னா உட்கார்ந்திருக்கிறது.

ஊரை உண்டாக்கியவர் ‘பேர் பிராஹே’ (Per Brahe) என்ற பிரபு. ஆண்டு 1652. சுவீடனில் அரசருக்கு அடுத்த இடத்தில் இருந்த குடும்பம் அவருடையது. விசிங்ஸ்போரி என்ற இந்தப் பகுதி 1561-லேயே அவருடைய தாத்தாவுக்கு மானியமாக வந்துவிட்டது. நாட்டின் முதல் பிரபுத்துவ ஆட்சிப் பகுதிகளில் ஒன்று அது. பேரனான இந்த பேர் பிராஹேவுக்கு ஊர் கட்டுவதில் தீராத ஆசை. பின்லாந்தில் ஆளுநராக இருந்தபோது பல ஊர்களை நிறுவினார். அவற்றில் ஒன்றுக்கு இன்றும் சுவீடிஷ் மொழியில் பிராஹேஸ்டாட் என்று அவர் பெயர்தான். 1640-இல் துர்குவில் பல்கலைக்கழகம் அமைந்ததற்கும் அவரே காரணம். சொந்த மண்ணில் அவர் கட்டிய ஊர் கிரென்னா. நடுவே நேராகப் போகும் பெரிய தெருவுக்கு இன்றும் பிராஹே தெரு என்றே பெயர். இருபுறமும் தாழ்வான மர வீடுகள், பின்னால் பேரிக்காய் மரங்கள். கிரென்னாவின் சிவப்புப் பேரிக்காய் தனி ரகம்.

ஊருக்கு வடக்கே மலை விளிம்பில் பிராஹேஹூஸ் என்ற கோட்டை நிற்கிறது. இப்போது கூரை கிடையாது, தளம் கிடையாது. கற்சுவர்களும் ஜன்னல் ஓட்டைகளும்தான் மிச்சம். தனக்குப் பிறகு மனைவி கிறிஸ்டினா தங்கியிருப்பதற்காக பேர் பிராஹே இதைக் கட்ட ஆரம்பித்தார். கட்டி முடிவதற்குள், 1650-இல், கிறிஸ்டினா போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அது விருந்தாளிகளுக்கான மாளிகையானது. 1680-இல் பிரபுவும் இறந்தார். அதே ஆண்டில்தான் பிரபுக்களிடமிருந்த நிலங்களை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் பெரிய நடவடிக்கையும் தொடங்கியது. பிராஹேஹூஸ் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 1708-இல் பக்கத்துக் கிராமத்தில் பிடித்த தீயின் பொறி இங்கே பறந்து வந்து எல்லாவற்றையும் எரித்துவிட்டது.

கோட்டையை இழந்த இந்த ஊருக்கு இன்று சோறு போடுவது யார் தெரியுமா? அமாலியா எரிக்சன் என்ற ஒரு தையற்காரரின் மனைவி. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அவரைப் பற்றிச் சொல்லத்தான்.

அமாலியா 1824-இல் யோன்ஷோப்பிங்கில் பிறந்தார். 1834-இல் அந்த நகரைக் காலரா சூறையாடியபோது பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் பறிகொடுத்தார். பிறகு வீட்டு வேலை செய்யும் பெண்ணாக கிரென்னாவுக்கு வந்தார். 1857-இல் ஆண்டெர்ஸ் என்ற தையற்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே இரட்டைப் பிரசவம். ஒரு குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அதே சமயத்தில் கணவரையும் வயிற்றுக்கடுப்பு கொண்டுபோனது. கையில் மிஞ்சியது ஈடா என்ற பெண் குழந்தை.

அன்றைய சுவீடனில் ஒரு பெண் நினைத்த மாத்திரத்தில் தொழில் தொடங்கிவிட முடியாது. யார் வேண்டுமானாலும் தொழில் செய்யலாம் என்ற சட்டம் 1864-இல்தான் வந்தது. அமாலியா 1859-இல் ஊர் நிர்வாகத்திடம் மனுப் போட்டு, பலகாரமும் போல்காகிரிஸும் செய்து விற்க அனுமதி வாங்கினார். போல்காகிரிஸ் என்றால் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட புதினாக் குச்சி மிட்டாய். போல்கா அந்தக் காலத்தில் எல்லோரும் ஆடிய நடனம். கிரிஸ் என்பது பன்றி. அப்போதைய பேச்சு வழக்கில் மிட்டாய்க்கும் அதே சொல்தான்.

என் அம்மா ஒரு கோடையில் வந்திருந்தார். பிராஹே தெருவில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று மிட்டாய் செய்கிறார்கள், யாரும் பார்க்கலாம். அம்மா ஒரு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. சீனியும் தண்ணீரும் கொதிக்கிறது, கூடவே கொஞ்சம் வினிகர்.

“வினிகர் எதுக்குடா ஊத்துறாங்க?” என்றார். நான் பதில் தேடுவதற்குள் அவரே, “ஓ, பாகு மறுபடி சீனியாகிடாம இருக்க. குலாப் ஜாமூன் பாகுல நான் எலுமிச்சம்பழம் பிழியறேன்ல, அதான்” என்றார். விஷயம் அதேதான். புளிப்பு சேர்ந்தால் சர்க்கரை உடைந்து, ஆறும்போது மணல்மணலாகப் பூக்காது.

பதம் வந்ததும் எண்ணெய் தடவிய மேசையில் பாகைக் கொட்டி, புதினா எண்ணெய் விட்டு மடிக்கிறார்கள். ஒரு பகுதியைத் தனியே வைத்துச் சிவப்பு நிறம் சேர்க்கிறார்கள். மீதியைச் சுவரில் இருக்கும் கொக்கியில் போட்டு இழுக்கிறார்கள், மடிக்கிறார்கள், மறுபடி இழுக்கிறார்கள். கண்ணாடி மாதிரி இருந்த பாகு, காற்று உள்ளே புகப் புகப் பால் வெள்ளையாகிவிடும். திருவிழாவில் மூங்கில் உச்சியிலிருந்து ஜவ்வு மிட்டாய் இழுப்பவரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கை வேகம் புரியும். பிறகு வெள்ளை உருளையின் மேல் சிவப்புப் பட்டைகளை ஒட்டி, முறுக்கி, நீட்டி, கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். வெட்டிய குச்சிகளை இறுகும்வரை மேசையில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். பத்து நிமிடம் அந்த ஆள் கை நிற்கவே இல்லை.

அமாலியா தன் பக்குவத்தை யாருக்கும் சொல்லவில்லை. 1923-இல் காலமானார். அதன் பிறகே செய்முறை வெளியே வந்து, மற்றவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று தெரு நெடுகப் போல்காகிரிஸ் கடைகள். 2022-இல் கிரென்னா போல்காகிரிஸுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருநெல்வேலி அல்வாவை வேறு ஊரில் கிண்டினால் நாம் ஒப்புக்கொள்வோமா, அந்த மாதிரிதான் இவர்களும். ஊரில் அமாலியாவுக்குச் சிலை இருக்கிறது. தனியாக ஒரு குழந்தையை வளர்க்க அடுப்பு மூட்டிய பெண்ணுக்கு ஊர் வைத்த மரியாதை அது. அந்தச் சிலை முன்னால் அம்மாவை நிற்க வைத்து எடுத்த படம் இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

கிரென்னா பெற்ற இன்னொரு பிள்ளையின் கதை ரொம்பக் கனமானது. சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே 1854-இல் இங்கே பிறந்தார். பொறியாளர், ஸ்டாக்ஹோமில் காப்புரிமை அலுவலகத்தில் பெரிய பதவி. பலூனில் பறந்து வட துருவத்தை அடைந்துவிடலாம் என்று நம்பினார், நாட்டையும் நம்ப வைத்தார். ஆல்ஃபிரட் நோபலும் அரசர் இரண்டாம் ஆஸ்கரும் பணம் கொடுத்தார்கள். பாரிஸில் தைத்த ஹைட்ரஜன் பலூனுக்குக் ‘கழுகு’ என்று பெயர். 1896-இல் முதல் முயற்சியில் காற்று ஒத்துழைக்கவில்லை. தையல் துளைகள் வழியே வாயு கசிவதைக் கணக்கிட்டுப் பார்த்த நில்ஸ் எக்ஹோல்ம் என்ற வானிலை அறிஞர், இது ஆபத்து என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகினார். அந்த எச்சரிக்கையை ஆந்த்ரே காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

1897 ஜூலை 11 அன்று ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து மூவர் கிளம்பினார்கள்: ஆந்த்ரே, 27 வயது கனூட் ஃபிரெங்கெல், 24 வயது நில்ஸ் ஸ்டிரின்ட்பெரி. பலூனைத் திசை திருப்பத் தரையில் இழுபடும் கயிறுகளைத்தான் நம்பியிருந்தார்கள். அவற்றில் பெரும்பகுதி புறப்பட்ட சில நிமிடங்களிலேயே கழன்று விழுந்துவிட்டது. மூன்றாம் நாள், ஜூலை 14, பலூன் பனிக்கடலில் இறங்கியது. அங்கிருந்து நடைதான். பனிப்பாளங்கள் மிதந்து நகர்வதால் இவர்கள் ஒரு பக்கம் நடக்க, காலடிப் பனி வேறு பக்கம் இழுத்துப் போனது. அக்டோபரில் க்விட்டோயா என்ற வெள்ளைத் தீவில் கரை ஏறினார்கள். அதோடு சரி.

33 ஆண்டுகள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 1930 ஆகஸ்டில் அந்தப் பக்கம் போன நார்வே கப்பல்காரர்கள் உடல்களையும் நாட்குறிப்புகளையும் கண்டெடுத்தார்கள். அடுத்த மாதம் இன்னொரு கப்பலில் போனவர்களுக்கு ஸ்டிரின்ட்பெரி எடுத்த புகைப்படச் சுருள்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் யோன் ஹெர்ட்ஸ்பெரி என்ற நிபுணர் மிகப் பொறுமையாகக் கழுவி எடுத்ததில் 93 படங்கள் தேறின. கிரென்னா அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஒரு படத்தில், பனி மேல் சரிந்து கிடக்கும் பலூனைப் பார்த்தபடி இரண்டு பேர் நிற்கிறார்கள். அந்தப் படத்தின் முன்னால் நான் பேச்சு மூச்சில்லாமல் நின்றேன். மூன்றாமவர், படம் எடுத்த அந்தப் பையன், ஆனா ஷார்லியே என்ற பெண்ணுக்கு நிச்சயம் செய்யப்பட்டவர். ஆனா பிற்பாடு ஓர் ஆங்கிலேயரை மணந்தார். 1949-இல் இறந்தபோது அவருடைய இதயம் மட்டும் ஸ்டிரின்ட்பெரியின் கல்லறையில் வைக்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

துறைமுகத்திலிருந்து படகு ஏறினால் அரை மணிக்குள் விசிங்ஸோ தீவு. 14 கி.மீ. நீளம், 3 கி.மீ. அகலம். விஸ்ட் என்ற பூதம் தன் மனைவி ஏரியைத் தாண்டக் கால் வைப்பதற்காக ஒரு புல்கட்டியைத் தூக்கிப் போட்டது, அதுதான் தீவு என்பது ஊர்க் கதை. தென் முனையில் நேஸ் கோட்டையின் இடிபாடு. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் சுவீடன் அரசர்கள் தங்கிய இடம். 1167-இல் கார்ல் ஸ்வெர்க்கர்சன் என்ற அரசர் இங்கேதான் கொல்லப்பட்டார். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே பிராஹே குடும்பத்தின் விசிங்ஸ்போரி மாளிகை. ரஷ்யப் போர்க் கைதிகளை அடைத்து வைத்திருந்த 1718-இல் அதுவும் எரிந்தது.

தீவில் எனக்கு மிகவும் பிடித்தது ஓக் காடு. போர்க்கப்பல் கட்டக் கடற்படைக்கு மரம் வேண்டும் என்று 1830-களில் சுமார் 3 லட்சம் ஓக் கன்றுகளை நட்டார்கள். கிளை பரப்பாமல் நேராக வளரட்டும் என்று நடுவில் வேறு மரங்களையும் நெருக்கி நட்டார்கள். ஓக் முதிர ஒன்றரை நூற்றாண்டு ஆகும். நட்டவர்கள் யாரும் வெட்டப்போவதில்லை என்று தெரிந்தே நட்டது. 1970-களில், கப்பல் மரம் தயார் என்று வனத்துறை கடற்படைக்குத் தகவல் சொன்னதாகத் தீவில் சொல்வார்கள். அதற்குள் கப்பல்கள் இரும்பாகிவிட்டன. மரங்கள் நிற்கின்றன. அந்த நிழலில் நடக்கும்போது தூண்கள் நிறைந்த ஆயிரங்கால் மண்டபம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இந்த ஏரி சாது இல்லை. 1918 நவம்பரில் பேர் பிராஹேயின் பெயரையே சுமந்த ஒரு நீராவிக் கப்பல் கிரென்னாவிலிருந்து புறப்பட்டது. தையல் இயந்திரங்களும் அடுப்புகளும் மேல்தளத்தில் குவிந்திருந்தன. இரவுப் புயலில் கவிழ்ந்து 24 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஓவியர் யோன் பவுவர், அவர் மனைவி எஸ்தர், மூன்று வயதுப் பையன் மூவரும் உண்டு. சுவீடன் குழந்தைகள் மனத்தில் இருக்கும் காட்டுப் பூதங்களுக்கு முகம் வரைந்தவர் அவர். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் யெத்தோ என்ற இடத்தில் பெரிய ரயில் விபத்து நடந்திருந்தது. ரயிலுக்குப் பயந்து கப்பலில் ஏறியிருக்கிறார்கள்.

நேரம் மிஞ்சினால் தெற்கே ரொட்லெ கிராமத்துக்குப் போங்கள். ஓடையோரம் பழைய மாவு மில்கள், ஒன்றுக்குப் பெயர் ஜெருசலேம். பேர் பிராஹே காலத்தில் அங்கே காகித ஆலையும் இருந்தது.

ஒரே நாள்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். காலை முதல் படகில் தீவு. மதியம் திரும்பி வந்து அருங்காட்சியகம். அதன் பிறகு மிட்டாய்க் கடை. படங்களைப் பார்த்த மனசுக்கு அந்தச் சூடும் புதினா வாசமும் தேவைப்படும். பிராஹேஹூஸை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே சூரியன் இறங்கும் நேரத்தில், கிறிஸ்டினாவுக்காக வைத்த அந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஏரியும் தூரத்தில் தீவும் தெரியும். காற்று பலமாக அடிக்கும், ஜூலையாக இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.