பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார்?

கேள்வி: எனக்கு வயது 29. மூன்று முறை கரு கலைந்துவிட்டது, மூன்றும் மூன்றாம் மாதத்துக்குள். மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் கர்ப்பப்பை இரண்டாகப் பிரிந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். டாக்டரிடம் கணவரும் மாமியாரும் பேசினார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?

பதில்: ஆபரேஷன் கிடக்கட்டும், அந்தப் பெஞ்சுக்கு வருவோம். 'பிரிந்திருக்கிறதாம்', 'வேண்டுமாம்'... உன் கர்ப்பப்பையைப் பற்றி நீயே அடுத்த வீட்டுச் சேதி மாதிரி எழுதுகிறாயே மகளே! மூன்று முறை வலித்தது யாருக்கு? சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப்போவது யார்? கூச்சம், மரியாதை என்றெல்லாம் என்னிடம் சொல்லாதே.

நீ உள்ளே இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: எந்த மாதிரிப் பிரிவு? வெளியே உருவம் சரியாக இருந்து உள்ளே மட்டும் தடுப்புச் சுவர் இருந்தால் செப்டேட். மேல்பக்கமே பள்ளமாகி இரண்டு கொம்பாகப் பிரிந்திருந்தால் பைகார்னுவேட். அந்த எக்ஸ்ரே உள்ளறையை மட்டும்தான் காட்டும், வெளி உருவம் அதில் தெரியாது. 3டி ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தால்தான் எது என்று பிரித்துச் சொல்ல முடியும். கொம்பு வகைக்குப் பொதுவாகக் கத்தி தேவைப்படாது. தடுப்புச் சுவரை ஹிஸ்டரோஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றைக் கிழிக்காமல் பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, வெட்டலாம். வெட்டினால் குழந்தை நிச்சயம் என்று மட்டும் நம்பிவிடாதே. 2021-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், வெட்டிக்கொண்டவர்களுக்குக் குழந்தைப்பேறு கூடியதாகத் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் டாக்டரிடம் கேள். சிறுநீரகங்களையும் ஸ்கேனில் பார்க்கச் சொல். கர்ப்பப்பையின் அமைப்பில் குறை உள்ள சிலருக்கு அங்கேயும் குறை இருக்கும்.

இன்னொன்று. கணவர் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்ததாக உன் கடிதத்தில் இல்லை. கரு அடிக்கடி கலைந்தால் இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை உண்டா என்று கேட்க வேண்டும். ரத்தம் உறையும் கோளாறு இருக்கிறதா என்று உனக்கும் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையில் ஒரு குறை கிடைத்துவிட்டது என்பதற்காக மற்றதையெல்லாம் மூடிவைக்கக் கூடாது.

உன் மாமியார் தங்கமானவராகவே இருக்கட்டும். பெண்டாட்டியை வெளியே உட்காரவைத்து அம்மாவை உள்ளே கூட்டிப்போனவன் பாசமுள்ள மகனாக இருக்கலாம், கணவனின் கடமையை அன்றைக்குச் செய்யவில்லை. இதை அவரிடம் நீயே சொல். சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டு. அடுத்த முறை நீயும் அவரும் உள்ளே. அம்மா வெளியே இருக்கட்டும், பெஞ்சு இருக்கிறதல்லவா?

அதுசரி, ரிப்போர்ட் இப்போது யாருடைய பீரோவில் இருக்கிறது? முதலில் அதை வாங்கி உன்னிடம் வைத்துக்கொள்.