அடாப்டர் போட்டால் பேன்கேக் லென்ஸ் மெலிதாகவே இருக்குமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் சோனி ஏ6400 கேமராவும் அதோடு வந்த 16-50 மி.மீ. கிட் லென்ஸும் இருக்கின்றன. நண்பர் ஒருவர் கேனன் ஈஎஃப் 40 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் பேன்கேக் லென்ஸை, அதாவது அப்பம் போலத் தட்டையான லென்ஸை, விற்கிறார். மாமாவின் பழைய பென்டாக்ஸ்-எம் 40 மி.மீ. எஃப்/2.8 லென்ஸும் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அடாப்டர் வாங்கி இவற்றில் ஒன்றை மாட்டினால் கேமரா சிறிய பையில் அடங்குமா? பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் தைப்பூசத்திலும் படம் எடுக்க வேண்டும்."

அடங்காது. இரண்டில் எதை மாட்டினாலும், இப்போது உங்கள் கேமராவில் இருக்கும் கிட் லென்ஸைவிட நீளமாகத்தான் நிற்கும். கடைக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள இடைவெளியை ஃபிளாஞ்ச் தூரம் என்பார்கள். கேனன் ஈஎஃப் முறையில் அது 44 மி.மீ., பென்டாக்ஸ் கே முறையில் 45.46 மி.மீ. உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒரு மிரர் மேலெழுந்து இறங்க வேண்டியிருந்ததால் அந்தக் கேமராக்களுக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது. சோனியின் லென்ஸ் பூட்டும் முறையான இ-மவுன்டில் அந்தக் கண்ணாடி கிடையாது, 18 மி.மீ. போதும். பழைய லென்ஸ் சரியாக ஃபோக்கஸ் ஆக வேண்டுமானால் அது பழைய தூரத்திலேயே நிற்க வேண்டும். குறைகிற தூரத்தை ஈடுகட்டும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். கேனனுக்கு 26 மி.மீ., பென்டாக்ஸுக்கு ஏறத்தாழ 27.5 மி.மீ. எந்த நிறுவனம் செய்தாலும் இதைக் கண்ணில் படும்படி குறைக்க முடியாது. "மெலிதான அடாப்டர்" என்று விளம்பரம் பார்த்தால் நம்பாதீர்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கேனன் 40 மி.மீ. லென்ஸின் தடிமன் 22.8 மி.மீ., அடாப்டரோடு 48.8. மாமாவின் பென்டாக்ஸ் சுமார் 18 மி.மீ., அடாப்டரோடு 45-ஐத் தாண்டும். உங்கள் கிட் லென்ஸ் மூடிய நிலையில் 29.9 மி.மீ.தான்.

கண்ணாடி வைத்த கேமராக்களில் பேன்கேக் லென்ஸ் என்றாலே பெரும்பாலும் 40, 45 மி.மீ. என்று வந்ததற்கும் இதே தூரம்தான் காரணம். குவிய தூரமும் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) ஃபிளாஞ்ச் தூரமும் நெருக்கமாக இருந்தால், நாலைந்து கண்ணாடித் துண்டுகளோடு எளிய வடிவமைப்பே போதும். 1902-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸார் லென்ஸ் நான்கே துண்டுகள் கொண்டது. பின்னாளில் பல பேன்கேக்குகள் அதன் வழியில் வந்தவை. உங்களுடையதைப் போன்ற, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் அந்தத் தூரம் சுருங்கிவிட்டதால் 20, 27, 28 மி.மீ. லென்ஸ்களையே தட்டையாகச் செய்ய முடிகிறது. அதனால் மெலிவுதான் வேண்டும் என்றால், உங்கள் மவுன்டுக்கென்றே செய்த லென்ஸைத் தேடுங்கள். சோனி இ 20 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் தடிமன் 20.4 மி.மீ., எடை 69 கிராம். 2013-இல் வந்தது என்பதால் செகண்ட் ஹேண்டில் தேடிப் பார்க்கலாம். ஃபூஜி வைத்திருப்பவர்களுக்கு 27 மி.மீ. எஃப்/2.8, நிக்கான் இஸட் வைத்திருப்பவர்களுக்கு 26 மி.மீ., கேனன் ஆர்எஃப் வைத்திருப்பவர்களுக்கு 28 மி.மீ. இருக்கின்றன.

மெலிவு மட்டுமல்ல, நீங்கள் எடுக்கப்போகும் இடமும் இதையே சொல்கிறது. ஏ6400-இன் சென்சார் சிறியது என்பதால், அதில் 40 மி.மீ. லென்ஸ், பெரிய முழு ஃபிரேம் சென்சாரில் 60 மி.மீ. லென்ஸ் காட்டுவது போலக் காட்டும். லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் ஐந்தடி நடைபாதையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூக்கட்டும் அக்கா ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறார். கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் 40 மி.மீ. லென்ஸில் 88 சென்டிமீட்டர் உயரம்தான் விழும், அதாவது தலையிலிருந்து இடுப்பு வரை. அதே இடத்தில் 20 மி.மீ. வைத்தால் ஆள் முழுசாக வருவார். பின்னால் போக நினைத்தால் முதுகு சுவரில் இடிக்கும்.

தைப்பூசக் கூட்டத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 20 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, எஃப்/8-இல் வைத்து 2.5 மீட்டரில் ஃபோக்கஸைப் பூட்டிவிட்டால், சுமார் 1.25 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். காவடி திடீரென்று திரும்பினாலும் கவலையில்லை. 40 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் மூன்று மீட்டருக்கு வைத்தால் 2.3-லிருந்து 4.3 மீட்டர் வரைதான் கிடைக்கும். ஆடி வருகிற காவடி அதற்குள்ளேயே நிற்காது. அப்புறம் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைக்கும்போது தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கும். சாதாரண அடாப்டர்களில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் கிடையாது. அந்த இடத்துக்கு அடாப்டர் கேமராவைக் கொண்டுபோக நான் சொல்ல மாட்டேன்.

சரி, கேனன் லென்ஸை என்ன செய்வது? உங்கள் நிலையில் நான் வாங்க மாட்டேன். எஸ்டிஎம் லென்ஸில் ஃபோக்கஸ் வளையம் உள்ளிருக்கும் கண்ணாடித் துண்டுகளை நேராக நகர்த்துவதில்லை. மோட்டாருக்குத்தான் கட்டளை அனுப்புகிறது. மின் தொடர்பு இல்லாத மலிவு அடாப்டரில் மாட்டினால் ஃபோக்கஸும் திரும்பாது, அப்பர்ச்சரும் மாறாது. மின்னணு அடாப்டர் வேண்டும், அதற்கு விலை அதிகம். அதையும் லென்ஸ் விலையையும் கூட்டி, சோனி 20 மி.மீ. விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாமாவின் பென்டாக்ஸ் வேறு விஷயம். அதை நீங்கள் பயன்படுத்தவேண்டும் என்றே விரும்புகிறேன். அப்பர்ச்சர் வளையமும் ஃபோக்கஸ் வளையமும் லென்ஸிலேயே இருப்பதால், உள்ளே மின்சுற்று ஏதும் இல்லாத எளிய அடாப்டர் போதும். கையால் ஃபோக்கஸ் செய்து நிதானமாக எடுக்கும் உருவப்படங்களுக்கு 60 மி.மீ. பார்வை அருமையாக அமையும். வீட்டுப் பெரியவர்களை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள்.

முதலில் லென்ஸைச் சோதியுங்கள். நம் பினாங்கு ஈரத்தில் அலமாரியில் கிடந்த லென்ஸுக்குப் பூஞ்சைதான் முதல் எதிரி. கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால் பூஞ்சை. பால் போன்ற மங்கல் தெரிந்தால் உள்ளே படலம் படிந்திருக்கிறது. நூல் தெரிகிற லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காமல், சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள். சுத்தமான லென்ஸை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் லென்ஸ் வாங்கப் போனாலும் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

அடுத்தது அடாப்டர். மாட்டியபின் லென்ஸைப் பிடித்து மெல்லத் திருப்பினால் ஆடக்கூடாது. உள்சுவர் மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். பளபளத்தால் எதிர்வெயிலில் படம் வெளிறிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம் தடிமன். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனாலும், 40 மி.மீ. லென்ஸ் முடிவிலிக் குறியில் (∞, மிகத் தொலைவுக்கான குறி) இருக்கும்போது 16 மீட்டர் தூரத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். அதனால்தான் பல அடாப்டர்களை ஒரு மயிரிழை மெலிதாகவே செய்கிறார்கள். அப்படி இருந்தால் முடிவிலிக் குறிக்குக் கொஞ்சம் முன்பே தொலைதூரம் தெளிந்துவிடும், அது பரவாயில்லை. சோதிக்க ஜார்ஜ் டவுன் எஸ்பிளனேடு கடற்கரை போதும். அப்பர்ச்சரை எஃப்/2.8-இல் முழுதாகத் திறந்து, எதிர்க்கரையில் உங்கள் ஊர்த் துறைமுகக் கிரேன்களைப் பார்த்து ஃபோக்கஸ் செய்யுங்கள். வளையம் கடைசி வரை திரும்பியும் கிரேன் தெளியவில்லை என்றால் அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேமராவில் மூன்று அமைப்புகளை மாற்ற வேண்டும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதியுங்கள். இல்லாவிட்டால் பொத்தான் அழுத்தினாலும் படம் விழாது. ஃபோக்கஸ் ஆன விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் ஃபோக்கஸ் பீக்கிங்கை இயக்குங்கள். உருப்பெருக்கத்தை ஒரு பொத்தானுக்கு ஒதுக்கி, எடுக்கப்படுபவரின் கண்ணைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோக்கஸ் செய்து பழகுங்கள், எஃப்/2.8-இல் பீக்கிங்கை மட்டும் நம்ப முடியாது. ஏ6400 உடலில் அதிர்வுத் தடுப்பு இல்லை, இந்த லென்ஸிலும் இல்லை. ஆகவே ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வை) ஆட்டோவில் வைத்து, ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடாப்டர் போட்டும் ஓரளவு மெலிவு கிடைப்பது லைகா எம் போன்ற, ஃபிளாஞ்ச் தூரம் குறைந்த மவுன்ட் லென்ஸ்களில்தான். லைகா எம்-இல் ஃபிளாஞ்ச் தூரம் 27.8 மி.மீ., அடாப்டருக்கு 9.8 மி.மீ. போதும். உதாரணமாக, ஃபோக்ட்லாண்டர் 35 மி.மீ. எஃப்/2.5 லென்ஸின் தடிமன் 23 மி.மீ., அடாப்டரோடு 33-க்குள் அடங்கும். ஆனால் ஃபிலிமுக்காகச் செய்த மிக அகலமான எம் லென்ஸ்களில் ஒளி சென்சாரில் சாய்வாக விழுவதால் ஓரங்கள் இழுபட்டுத் தெரியலாம். உள்ளே மடங்கும் பழைய லென்ஸாக இருந்தால், குழாய் கேமராவுக்குள் எதிலும் இடிக்காது என்று உறுதியாகத் தெரியும் வரை மடக்காதீர்கள்.