வீட்டு பிளக்கிலிருந்து மோட்டார்ஹோமுக்குக் கரண்ட் கொடுக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த். தைப்பூசக் காவடிக்கு வரும் உறவினர்கள் எங்கள் முற்றத்தில் மோட்டார்ஹோமை (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) நிறுத்தி நான்கு நாள் தங்கப் போகிறார்கள். வீட்டு பிளக்கிலிருந்து கரண்ட் கொடுத்தால் ஏசி ஓடுமா?

ஓடும். ஆனால் ஏசியும் கெட்டிலும் ஒன்றாக ஓடக் கூடாது.

கணக்கு இதுதான். நம் ஊர் மூன்று உருண்டை முள் பிளக் 16 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் 3,680 வாட். கூரை ஏசி பெரும்பாலும் 4 முதல் 7 ஆம்பியர் இழுக்கும். ஃப்ரிட்ஜ் 1, பேட்டரி சார்ஜர் 2. இதோடு 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் இன்னொரு 9. ஏசி முழு வேகத்தில் ஓடும்போது மொத்தம் 18, 19 ஆகிவிடும். டிபி போர்டில் (வீட்டின் பிரேக்கர் பெட்டி) அந்த லைனுக்கு வழக்கமாக 20 ஆம்பியர் பிரேக்கர்தான் இருக்கும். அது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதற்கு. 18 ஆம்பியரில் விழாது. பிளக்தான் சத்தமில்லாமல் சூடேறி உருகலாம். டர்பன் உப்புக்காற்றில் முள் களிம்பு பிடித்துத் தளர்ந்திருந்தால் 10 ஆம்பியரே போதும். ஏசி போட்டு அரை மணி கழித்து பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி சாக்கெட்டை மாற்றுங்கள். அதே லைனில் வீட்டு வாஷிங் மெஷினும் இருந்தால் வேறு லைன் தேடுங்கள்.

கேபிள்: 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கம்பி, ரப்பர் உறை. ஒரு முனையில் வண்டிக்கான நீல நிற 16 ஆம்பியர் கனெக்டர், மறுமுனையில் வீட்டு பிளக். 25 மீட்டரில் 16 ஆம்பியர் போனால் இதில் சுமார் 6 வோல்ட் குறையும். புல்வெட்டும் மெஷினின் 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 14 வோல்ட், அத்தனையும் சூடாக. உருளையில் சுற்றிய கேபிளை முழுக்க அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே விட்டால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லை. முதலில் வண்டியில் செருகி, பிறகு சுவரில். கழற்றும்போது நேர்மாறு.

செருகியதும் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தால் வண்டியின் பிரேக்கர்களை எல்லாம் அணைத்துவிட்டு மறுபடி செருகுங்கள். அப்போதும் விழுந்தால் கனெக்டருக்குள் ஈரம், அல்லது வண்டிக்குள் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. விழவில்லை என்றால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதல் சந்தேகம் நெடுநாள் ஓடாத கேஸ்-கரண்ட் ஃப்ரிட்ஜின் ஹீட்டர்மேல். எதுவானாலும் எர்த் கம்பியைக் கழற்றி 'சரிசெய்ய' விடாதீர்கள். பழுது இருந்தால் வண்டியின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். ஈர மண்ணில் வெறுங்காலோடு கதவைத் திறப்பவர் கதி என்ன?

லோட் ஷெட்டிங்குக்காக (முறைவைத்த மின்வெட்டு) வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருந்தால், அது ஊட்டும் பிளக்கில் வண்டியைச் செருகாதீர்கள். கரண்ட் போனால் ஏசியை அணைத்துவிட்டு, திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள்.