சூடானதும் அணைந்துபோகும் பழைய படகு மோட்டார்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என்னுடையது இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். குளிர்ந்த நிலையில் இரண்டாவது இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது. கால் மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் ஓடுகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை.

பதில்: கார்புரேட்டரை இனித் தொடாதீர்கள். ஜெட் அடைத்திருந்தால் ஆறிய மோட்டாரும் ஒழுங்காக ஓடாது. உங்கள் மோட்டார் எப்படி நிற்கிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. முதலில் உதறி, பாதி வேகத்துக்கு இறங்கி, பிறகு நின்றால் ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் போயிருக்கலாம். உதறலே இல்லாமல் மெல்ல மெல்லத் தளர்ந்து அணைந்தால் பெட்ரோல் வரவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

பெட்ரோலை முதலில் பாருங்கள், செலவே இல்லாத சோதனை அது. மோட்டார் தளரும் நேரத்தில் குழாயில் உள்ள பிரைமர் பல்பை (கையால் அழுத்தும் ரப்பர் குமிழை) அழுத்துங்கள். உடனே வேகம் பிடித்தால் பெட்ரோல் பம்பின் டயாபிரம் (சவ்வு) கிழிந்திருக்கலாம், அல்லது குழாய் எங்கோ காற்றை இழுக்கிறது. நின்ற பிறகு டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று 'உஸ்' என்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இரட்டைக் குழாய் கொண்ட மிகப் பழைய டேங்குகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் மோட்டாரே டேங்குக்குள் காற்றை அழுத்தி பெட்ரோலை மேலே தள்ளும். அங்கே மூடி கேஸ்கெட் கசிந்தாலே பெட்ரோல் வராது.

பெட்ரோல் சரியென்றால், மோட்டார் நின்ற உடனே, சூடு தணியுமுன், ஸ்பார்க்கைச் சோதியுங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும், பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்பார்க் டெஸ்டரை 6 மி.மீ. இடைவெளியில் வைத்துக் கயிற்றை இழுங்கள். நீல நிறத்தில் 'பட்' என்று தாவ வேண்டும். பிளக் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி டெஸ்டருக்கு அருகில் இருக்கக்கூடாது. குளிரில் தாவி, சூட்டில் தாவாவிட்டால் பெரும்பாலும் காயில்தான், அதாவது ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச் சுருள். 1950களின் காயில்களில் மேலுறை வெடிப்பது சர்வ சாதாரணம்; மேலே சுழலும் கனமான ஃப்ளைவீல் சக்கரத்தைக் கழற்றினால் கண்ணுக்கே தெரியும். ஒன்று வெடித்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள், மற்றதற்கும் அதே வயதுதானே.

ஃப்ளைவீலைக் கழற்ற, அதன் நடுவில் உள்ள மூன்று துளைகளில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர் வேண்டும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வளையும். கிராங்க் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரையும் பேரிங்கும் கெடும். உள்ளே போன கையோடு காண்டாக்ட் பாயிண்ட் (தொட்டு விலகி ஸ்பார்க்கை உண்டாக்கும் முனைகள்) இடைவெளியை 0.020 அங்குலமாக, அதாவது அரை மி.மீ. ஆக வையுங்கள், ஜான்சன், எவின்ரூட் நிறுவன மோட்டார்களின் மேக்னெட்டோக்களில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் பகுதி) பெரும்பாலானவற்றுக்கு இதுவே அளவு. வைத்த பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டி அட்டையைப் பாயிண்டுகளுக்கு இடையே இழுத்தெடுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் படலம்கூட ஸ்பார்க்கைத் தடுத்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. நின்ற மோட்டாரில் கயிறு வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால், பிஸ்டன் சூட்டில் விரிந்து பிடிக்கிறது என்று பொருள். ஸ்டார்ட் செய்யாதீர்கள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: குளிர்விக்கும் தண்ணீர் வெளியே வரும் துளையில் நூல் போலத்தான் வருகிறது. தண்ணீர் பம்பின் இம்பெல்லரை (இதழ்கள் கொண்ட ரப்பர் சக்கரத்தை) மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திப் பாருங்கள், மண்ணோ உப்போ அடைத்திருக்கலாம். தெளியவில்லை என்றால் மாற்றுங்கள். பழைய ரப்பர் இம்பெல்லர், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், இதழ்கள் ஒரு பக்கம் வளைந்த நிலையிலேயே இறுகிப்போகும். கழற்றியதில் இதழ் ஒன்று குறைந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். தண்ணீர்ப் பாதையில் அது சிக்கியிருந்தால் புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது.

புதியதைப் பூட்டும்போது, அதை ஷாஃப்டோடு பிணைக்கும் சிறு சாவித் துண்டு அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிரைவ் ஷாஃப்டை அது ஓடும் திசையில், பெரும்பாலும் வலஞ்சுழியாக, சுற்றிக்கொண்டே பம்ப் உறையை இறக்குங்கள். இதழ்கள் சரியான பக்கம் வளையும். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். டிரம்மில் சோதித்தால் தண்ணீர் மட்டம் புரொப்பல்லருக்கு மேலே உள்ள தகட்டைத் தாண்டியிருக்க வேண்டும்.

கேள்வி: இன்றைய ஆயில் தரமானது, எந்த மோட்டாருக்கும் 50:1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், போதும் என்கிறார்கள். என் மோட்டாரில் 24:1 என்று எழுதியிருக்கிறது.

பதில்: எழுதியிருப்பதைத்தான் கேளுங்கள். ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பெரும்பாலானவை 1964இல்தான் 50:1க்கு மாறின. அதற்கு முந்தைய பல மோட்டார்களில் பேரிங்காக வெண்கல புஷ்கள் (வளையங்கள்) உண்டு. அவற்றுக்கு எண்ணெய்ப் படலம் தடிமனாக வேண்டும். 10 லிட்டர் பெட்ரோலுக்கு 24:1 என்றால் சுமார் 420 மி.லி., 50:1 என்றால் 200 மி.லி. கொஞ்சம் கூடினால் புகையும், பிளக் கரியாகும், அவ்வளவுதான். குறைந்தால் பேரிங் போய்விடும்.

ஆயில், தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான 'டிசி-டபிள்யூ3' (TC-W3) வகையாக இருக்கட்டும். பைக்குகளுக்கான டூ ஸ்ட்ரோக் ஆயிலில் சாம்பல் விடும் சேர்மங்கள் உண்டு. தண்ணீரால் குளிரும் எஞ்சினில் அது பிஸ்டன் தலையில் படிந்து, ஸ்பார்க்குக்கு முன்பே தீப்பற்ற வைக்கும்.

கேள்வி: கியர் ஆயில் பால் போல வெளுத்திருக்கிறது.

பதில்: தண்ணீர் புகுந்துவிட்டது. புரொப்பல்லரைக் கழற்றி, ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். தண்ணீரைத் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுப்பது பெரும்பாலும் அதுதான். அந்த வளையத்தை மாற்றி, கீழ்த் துளை வழியாக ஆயிலை ஏற்றுங்கள். மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடுங்கள், கீழ்த் திருகைப் பிறகு. இரண்டுக்கும் புது வாஷர்.

கேள்வி: புரொப்பல்லரை ஷாஃப்டோடு பிணைக்கும் ஷியர் பின்னுக்குப் பதிலாக இரும்பு ஆணியைப் போடலாமா?

பதில்: கூடாது. கல்லில் மோதினால் உடைய வேண்டியது அந்தப் பின். அது உடையாவிட்டால் கியர் பல் உடையும். சரியான அளவுப் பின்கள் நான்கைந்தும், அவற்றை மாற்ற ஒரு குறடும் படகிலேயே இருக்கட்டும்.