எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் சொருகினா சிஸ்டம் ஹேங் ஆகுதா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி எல்லாம் படிச்சேன். எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே தொல்லைதான், டிஸ்க்க சொருகினா சிஸ்டம் நின்னுடுது, உருவினா சரியாயிடுது. ஆனா காரணம் ஆளுக்கு ஆள் வேற. பதில் சொல்றதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்குறேன், அந்த டிஸ்க்ல இருக்கிறதுக்கு வேற எங்கயாவது காப்பி இருக்கா? இல்லன்னா ரிப்பேர் பத்தி இப்போதைக்கு யோசிக்கவே வேணாம், உள்ள இருக்கிறத வெளிய எடுக்கிறத மட்டும் யோசிங்க. டிஸ்க் கடைல கிடைக்கும், போட்டோ கிடைக்காது.

கேள்வி: அண்ணா, 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க், விண்டோஸ் 10 லேப்டாப். சொருகினதும் லைட் எரியுது, டிரைவ் பேரும் வருது, உள்ள போனா மேல அந்த பச்சை கோடு மட்டும் நகர்ந்துகிட்டே இருக்கு, அப்புறம் டாஸ்க்பார் கூட வேலை செய்யல. உருவினா ஒடனே சரியாகுது. வைரஸா?

வைரஸ் மாதிரி தெரியல தம்பி, நீ சொல்றத பாத்தா டிஸ்க்லயே பேட் செக்டார், அதாவது கெட்டுப்போன இடம், விழுந்திருக்கும்னு தோணுது. என்ன நடக்குதுன்னா, படிக்க முடியாத இடம் வந்தா டிஸ்க் சும்மா விடாது, திரும்பத் திரும்ப படிச்சுப் பாக்கும், அந்த நேரம் பூரா விண்டோஸ் பதிலுக்கு காத்துகிட்டு நிக்கும். ஒரு வேலைக்கு டிஸ்க் பதில் சொல்ல விண்டோஸ் குடுக்கிற டைம் சாதாரணமா 60 செகண்ட், அதுக்கப்புறம் ரீசெட் பண்ணிட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து கேக்கும். நீ ஃபோல்டர் பாக்கிற எக்ஸ்ப்ளோரரும் கீழ இருக்கிற டாஸ்க்பாரும் ஒரே புரோகிராம்தான், அதனால அது காத்துகிட்டு நின்னா மொத்த சிஸ்டமும் செத்துப்போன மாதிரி தெரியும். உருவினதும் காத்துகிட்டு இருந்த வேலை எல்லாம் எரர்னு முடிஞ்சிடுது, அதான் ஒடனே உயிர் வருது.

உறுதி பண்ண ரெண்டு இடம் பாரு. விண்டோஸ் தனக்கு வந்த எரர எல்லாம் எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவர தொறந்து விண்டோஸ் லாக்ஸ்ல சிஸ்டம் போ, ஹேங் ஆன நேரத்துல 7, 153, 129ன்னு நம்பர் இருக்கான்னு பாரு. 7ன்னா பேட் பிளாக், 153ன்னா திரும்ப முயற்சி பண்ணியிருக்கு, 129ன்னா ரீசெட் பண்ணியிருக்கு. அடுத்து டிஸ்க் உடம்பு எப்படி இருக்குன்னு காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராம் போட்டு 05, சி5, சி6 இந்த மூணு வரிய மட்டும் பாரு, மூணும் கெட்டுப்போன செக்டார் கணக்குதான், கடைசில இருக்கிற ரா வேல்யூ மூணும் பூஜ்யமா இருக்கணும்.

கேள்வி: அண்ணா அதே ஆள்தான். சி5ல பூஜ்யம் இல்ல, மஞ்சள்ல காட்டுது. கடைல கேட்டேன், செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டா சரியாயிடும்னாங்க. அப்பா அம்மா அறுபதாம் கல்யாண போட்டோ வீடியோ எல்லாம் அதுல மட்டும்தான் இருக்கு.

போடாத. தயவுசெஞ்சு போடாத. செக்டிஸ்க்ங்கிறது விண்டோஸோட டிஸ்க் ரிப்பேர் கமாண்ட், அதுல ஸ்லாஷ் ஆர் என்ன பண்ணும்னா டிஸ்க்ல இருக்கிற ஒவ்வொரு செக்டாரையும் படிச்சுப் பாக்கும், படிக்க முடியாதத நோண்டிகிட்டே இருக்கும், ஃபைல் சிஸ்டத்துலயும் கைய வச்சு மாத்தும், உன் போட்டோ உடைஞ்சு ஃபவுண்டுங்கிற ஃபோல்டர்ல பேரில்லாத துண்டா வந்து கெடக்கலாம். நல்லா இருக்கிற டிஸ்க்ல ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பினா செக்டிஸ்க் நல்ல மருந்து, சாகக் கெடக்கிற டிஸ்க்குக்கு அது இல்ல. ஒவ்வொரு தடவை சொருகும்போதும் அதோட ஆயுசு குறையுதுன்னு நெனச்சுக்கோ, அதனால சும்மா சொருகி சொருகி பாக்குறத இன்னியோட நிறுத்து.

டக்கு டக்குன்னு சத்தம் வருதா? வந்தா அப்படியே ஓரமா வை, கிளீன் ரூம், அதாவது தூசி இல்லாத அறை, வசதி இருக்கிற டேட்டா ரெக்கவரி லேப்தான் வழி, செலவு நிறைய ஆகும், ஆனா வீட்ல மூடிய தொறந்தா அந்த வழியும் போயிடும்.

சத்தம் இல்லன்னா டிடிரெஸ்க்யூ, கெட்டுப்போற டிஸ்க்லேர்ந்து காப்பி எடுக்கிற புரோகிராம். சிஸ்டம்ரெஸ்க்யூன்னு ஒரு லினக்ஸ், பென்டிரைவ்ல ஏத்தி அதுலேர்ந்து பூட் பண்ணு, உள்ளயே டிடிரெஸ்க்யூ இருக்கும். இதோட அழகு என்னன்னா மொதல் சுத்துல படிக்க முடிஞ்ச நல்ல பகுதிய எல்லாம் அள்ளிடும், அடம் பிடிக்கிற இடத்த தாண்டிப் போயிடும், அப்புறமாத்தான் திரும்பி வந்து மிச்சத்த கொஞ்சம் கொஞ்சமா சுரண்டும், அதனால டிஸ்க் நடுவுல போய்ச் சேந்தாலும் பெரும்பகுதி கைல இருக்கும். புதுசா 2 டிபி டிஸ்க் ஒண்ணு வாங்கிக்கோ, பழைய டிஸ்க் முழுசும் இமேஜ் ஃபைலா, அதாவது அச்சு அசல் ஒரே ஃபைலா, அதுல வரும். டிடிரெஸ்க்யூ கமாண்ட்ல மொதல்ல பழைய டிஸ்க் பேரு, ரெண்டாவது இமேஜ் ஃபைல் பேரு, மூணாவதா எது வரைக்கும் படிச்சாச்சுன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் பேரு கட்டாயம் குடு. மேப் ஃபைலையும் புது டிஸ்க்லயே வை, அது இருந்தாத்தான் நின்னுபோனா விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். மொத ரெண்டையும் மாத்திப் போட்டுடாத, என்டர் தட்டுறதுக்கு முன்னாடி டிஸ்க் சைஸையும் மாடலையும் வச்சு எது எதுன்னு சரிபாரு. முடிய ரெண்டு மூணு நாள் கூட ஆகலாம், பொறுமையா விடு. அப்புறம் அந்த இமேஜ் மேலதான் போட்டோ வீடியோவ மீட்டெடுக்கிற ஃபோட்டோரெக் புரோகிராம ஓட்டணும், பழைய டிஸ்க்க தொடவே கூடாது.

கேள்வி: ப்ரோ, டெஸ்க்டாப்ல முன்னாடி போர்ட்ல சொருகினா டிஸ்க் கிர்ர்னு சுத்த ஆரம்பிச்சு நின்னுடுது, மறுபடி கிர்ர், சிஸ்டம் ஹேங். ஒரு தடவை ரீஸ்டார்ட்டே ஆயிடுச்சு. பின்னாடி சொருகினா பிரச்சனை இல்ல.

கரன்ட் பத்தல. யுஎஸ்பி 2.0 போர்ட் தர்றது 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900. சுத்துற டிஸ்க் ஓட ஆரம்பிக்கிற அந்த ஒரு நொடிக்கு மட்டும் 1 ஆம்பியர் கிட்ட இழுக்கும். முன்னாடி போர்ட் கேபினெட் உள்ள மெலிசான ஒயர்ல போர்டுக்கு போகுது, பின்னாடி இருக்கிறது போர்டுலயே இருக்கு, அதான் வித்தியாசம். பின்னாடியே வச்சுக்கோங்க, கேபிள் எவ்ளோ சின்னதோ அவ்ளோ நல்லது, இல்ல தனி அடாப்டரோட வர்ற ஹப் வாங்குங்க. ஆனா ரீஸ்டார்ட் ஆனது எனக்குப் பிடிக்கல. முன் போர்ட்ல டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள பின் வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு முட்டிகிட்டு இருந்தா அத பயன்படுத்தாதீங்க. போர்ட் சுத்தமா இருந்தா எஸ்எம்பிஎஸ்ஸ, அதாவது கேபினெட் உள்ள இருக்கிற பவர் சப்ளைய, செக் பண்ணுங்க.

கேள்வி: ஐயா, ஹார்ட் டிஸ்க் மாட்டியபடியே கம்ப்யூட்டர ஆன் பண்ணினா கம்பெனி லோகோவிலேயே நிக்குது. கழட்டிட்டு ஆன் பண்ணினா விண்டோஸ் வருது, அப்புறம் மாட்டினா டிஸ்க் நல்லா வேலை செய்யுது.

பயப்பட ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஆன் பண்ணினதும் மொதல்ல ஓடுற பயாஸ் அந்த டிஸ்க்லேர்ந்து விண்டோஸ தேடிகிட்டு நிக்குது. பயாஸ் உள்ள போய் எதுலேர்ந்து மொதல்ல ஆரம்பிக்கணும்ங்கிற பூட் ஆர்டர்ல உள் டிஸ்க்க மேல கொண்டு வாங்க, யுஎஸ்பி பூட்ட ஆஃப் பண்ணுங்க. அப்பவும் நின்னா உங்க போர்டுக்கு பயாஸ் அப்டேட் இருக்கான்னு பாக்கலாம், இல்ல ஆன் ஆனப்புறம் மாட்டுற பழக்கமே போதும்.

கேள்வி: என்னுது விசித்திரமா இருக்கு. டிஸ்க் சொருகினா மவுஸ் விட்டு விட்டு நகருது, சில நேரம் அப்படியே நின்னுடுது. ஆனா பாட்டு ஓடிகிட்டே இருக்கு.

ஒயர்லெஸ் மவுஸ்தானே? அப்போ உங்க சிஸ்டம் ஹேங்கே ஆகல! யுஎஸ்பி 3.0 ஓடும்போது அதோட கேபிள், கனெக்டர்லேர்ந்து ரேடியோ இரைச்சல் கசியும், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலயும் விழும், உங்க மவுஸ் ரிசீவர் பேசுற அதே அலைவரிசை. இன்டெல் கம்பெனியே 2012ல இத அளந்து ஒரு அறிக்கை போட்டிருக்காங்க. ரிசீவர் டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்துலயே இருந்தா மவுஸ் சொல்றது காதுல விழாது. ரிசீவர மறுபக்கம் 2.0 போர்ட்டுக்கு மாத்துங்க, முடிஞ்சா ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு தள்ளி வைங்க. வைஃபை 2.4ல இருந்தா அதுவும் இழுக்கும், 5க்கு மாறிடுங்க.

இது எல்லாருக்குமே உதவும்: ஹேங் ஆன மாதிரி இருந்தா ஒயர் கீபோர்டுல கேப்ஸ் லாக் தட்டுங்க. லைட் மாறினா சிஸ்டம் உயிரோட இருக்கு, ஏதோ ஒண்ணுதான் காத்துகிட்டு நிக்குது, அதனால பவர் பட்டன அழுத்திப் பிடிக்காம டிஸ்க்க உருவிப் பாருங்க.

கேள்வி: உபுண்டு. பழைய எஸ்எஸ்டிய சாட்டா டு யுஎஸ்பி கேபிள்ல மாட்டி 40 ஜிபி காப்பி போட்டா நடுவுல எல்லாம் உறையுது. டிமெசேஜ்ல யுஏஎஸ் அபார்ட்னு வரிசையா வருது.

லினக்ஸ் எரர எழுதி வைக்கிற டிமெசேஜ் பாத்துட்டு கேட்டீங்க பாருங்க, பாதி வேலை முடிஞ்சது. எஸ்எஸ்டி மேல சந்தேகம் வேணாம், கேபிளுக்குள்ள சாட்டாவ யுஎஸ்பியா மாத்துற பிரிட்ஜ் சிப்தான். யுஏஎஸ்னு வேகமான முறைல பேசுறேன்னு சொல்லிட்டு லோடு ஏறினதும் தடுமாறும், மலிவு கேபிள்ல இது சகஜம். எல்எஸ்யுஎஸ்பி கமாண்ட் போட்டு அந்த சிப் ஐடிய எடுத்து, பூட் லைன்ல, அதாவது லினக்ஸ் ஆரம்பிக்கும்போது அதுக்கு குடுக்கிற வரில, யுஎஸ்பி ஸ்டோரேஜ் குவர்க்ஸ்ல ஐடிக்குப் பின்னாடி யு எழுத்து சேத்துடுங்க, பழைய முறைக்கு போயிடும். வேகம் கொஞ்சம் குறையும், உறையாது.

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து. புது 4 டிபி டிஸ்க், வீடியோ ஏத்தேக்க முதல் நல்ல வேகம், பிறகு 10 எம்பிக்கு விழுந்து கம்ப்யூட்டரும் இழுபடுது. பழுதோ, திருப்பிக் குடுக்கவோ?

மேல சொன்ன கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல 05, சி5, சி6 மூணும் பூஜ்யமா இருந்தா பெரும்பாலும் பழுது இல்ல. இந்த அளவு போர்ட்டபிள் டிஸ்க் பலதும் எஸ்எம்ஆர் வகை, டிராக்க கூரை ஓடு வேஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதும், அதனால ஒரு இடத்த மாத்தணும்னா பக்கத்துல இருக்கிறதையும் சேத்து திரும்ப எழுதணும். மொதல்ல வர்றத தனியா ஒரு இடத்துல வேகமா வாங்கி வச்சுக்கும், அது நெறைஞ்சதும் திணறும். கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு ஏத்துங்க, நடுவுல கொஞ்ச நேரம் சும்மா சொருகியே வைங்க, தானே ஒதுக்கிக்கும். பேக்கப்புக்கு நல்லா உழைக்கும், அதுலயே வீடியோ எடிட் மட்டும் பண்ணாதீங்க.

கேள்வி: சார், ஆபீஸ் சிஸ்டம்ல சொருகினா பத்து நிமிஷம் ஒண்ணும் பண்ண முடியல, அப்புறம் தானா சரியாகுது. தினமும் இப்படித்தான்.

தினமும் ஒரே மாதிரி பத்து நிமிஷம், அப்புறம் சரின்னா யாரோ டிஸ்க் முழுக்க படிக்கிறாங்கம்மா. ஆன்டிவைரஸ் ஸ்கேனா இருக்கும், இல்ல விண்டோஸ் சர்ச் இன்டெக்ஸ் பண்ணுதா இருக்கும். ஆபீஸ் சிஸ்டம்ங்கிறதால நீங்களா எதையும் ஆஃப் பண்ணாதீங்க. நாளைக்கு டிஸ்க் சொருகுறதுக்கு முன்னாடியே டாஸ்க் மேனேஜர தொறந்து வச்சு, டிஸ்க்னு இருக்கிற தலைப்ப கிளிக் பண்ணிட்டு அப்புறம் சொருகுங்க, மேல எந்த பேரு வருதுன்னு பாத்து எழுதுங்க, அத வச்சு உங்க ஐடி ஆளுங்ககிட்ட என்ன மாத்தச் சொல்லணும்னு சொல்றேன்.